இடது பையில் கிடந்த பூட்டு

ஓட்டோகார் ரேபைனிடம் பதினொரு துப்பாக்கிகள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட உயிருள்ள எதையும் சுட்டதில்லை. மானும் இல்லை, முயலும் இல்லை, மனிதன் அறவே இல்லை. ஹாசல்ரோடா ஊருக்கு மேலே, காட்டோரத்தில் இருந்த குறிசுடும் சங்கத்துத் திடலில், பலகையில் வரைந்த கறுப்பு வட்டத்தைச் சுடுவதற்கென்றே போன நூற்றாண்டில் செய்த ஒற்றைக்குண்டுத் துப்பாக்கிகள் அவை. ஒரு தோட்டாவைப் போட வேண்டும், சுட வேண்டும், தோட்டாவின் வெற்றுக் குப்பியை எடுத்து ஊதி, அதே குப்பியில் மறுபடியும் வெடிமருந்தை அளந்து அடைக்க வேண்டும். அவசரக்காரனுக்கு ஆகாத சாமான். ரயிலடியில் சிக்னல் இழுத்துப் பிழைத்த ஓட்டோகாருக்கு அவசரம் என்ற சொல்லே பிடிக்காது.

ஊரில் மற்ற ஆண்கள் சம்பளத்தைக் குடித்தார்கள். இவர் துப்பாக்கி வாங்கினார். சுற்று வட்டாரத்தில் எந்தச் சங்கத்துக் கிழவர் செத்தாலும், அடக்கம் முடிந்த கையோடு விதவையின் கதவைத் தட்டிவிடுவார். பாவி மனுஷனுக்கு அதில் வெட்கமே கிடையாது. வாங்கி வந்ததைத் துடைத்து, எண்ணெய் போட்டு, படுக்கையறைச் சுவரில் மாட்டுவார்.

"எனக்குப் பதினோரு சக்களத்திங்க" என்று அவர் மனைவி ஹுல்டா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். "எல்லாத்துக்கும் எண்ணெய் தேய்க்கிறான். என் முதுகுக்கு ஒரு நாள் தேச்சிருப்பானா, கேளுங்க."

"அதுங்களுக்கு உன்னை மாதிரி வாய் கிடையாதே, ஹுல்டா" என்பார் ஓட்டோகார்.

பதினொன்றில் ஒன்று மட்டும் தனி. வால்நட் மரக் கட்டையில் காலைத் தூக்கி நிற்கும் ஒரு மான் செதுக்கியிருக்கும். 1912 போட்டியில் அதை வைத்துச் சுட்டு ஜெயித்துத்தான் அந்த வருடத்துச் சங்கத்து அரசனாக முடி சூட்டிக்கொண்டார். அதை வேறு யாரையும் துடைக்க விடமாட்டார், மகன் ஃபோல்க்மரைக்கூட.

இந்தத் துப்பாக்கிகளுக்கு இரண்டு விசைகள். பின் விசையை இழுத்துவிட்டால், முன் விசை ஈ உட்கார்ந்தாலே வெடித்துவிடும். ஓட்டோகார் வாலிபனாக இருந்தபோது, ஒருவன் அப்படி இழுத்துவிட்ட துப்பாக்கியை மறந்துபோய்ப் பக்கத்தில் இருந்தவனிடம் நீட்ட, வாங்கியவனுக்குத் தாடை போயிற்று. அன்று முதல் ஹாசல்ரோடா சங்கத்தில் ஒரு கட்டுப்பாடு. குழலின் பின்வாயை மூடும் உள்ளங்கை அளவு இரும்புத் துண்டை அவர்கள் பூட்டு என்பார்கள். கருவி எதுவும் வேண்டாம், கையாலேயே கழன்று வந்துவிடும். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் துப்பாக்கி போகுமுன் பூட்டைக் கழற்றித் தன் கோட்டின் இடது உள்பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கென்றே சங்கத்துக் கோட்டுகளில் அந்தப் பைக்குத் தோல் வைத்துத் தைத்திருக்கும்.

இந்தக் கட்டுப்பாட்டில் ஓட்டோகாரைப் போல முரடர் கிடையாது. ஒருமுறை ஊர் டாக்டரே மறந்துபோய் நீட்டிவிட்டார்.

"டாக்டர்! கையில குடுக்கறது துப்பாக்கியா, சாவா? வாங்கறவனுக்கு ஆபத்து இல்லாம குடுக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று திடலே அதிரக் கத்தினார். டாக்டர் அன்று எல்லாருக்கும் பீர் வாங்கிக் கொடுத்துத் தப்பித்தார்.

வீட்டிலும் அதே பாட்டுத்தான். கத்தியா, பிடி முன்னால் வர வேண்டும். கத்தரிக்கோலா, கூர் உன் பக்கம் இருக்க வேண்டும். ஃபோல்க்மர் நடக்கப் பழகியதிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தான்.

1945 வசந்தத்தில், போரில் தோற்ற அந்த ஊருக்கு அமெரிக்கர்கள் வந்தார்கள். ஆயுதம் வைத்திருப்பவனுக்கு மரண தண்டனை என்று சுவரெல்லாம் ஒட்டினார்கள். ஓட்டோகார் பத்துத் துப்பாக்கிகளைக் கைவண்டியில் அடுக்கினார். மான் போட்டதை மட்டும் வண்டியில் போட மனம் வரவில்லை, கையில் எடுத்துக்கொண்டார். கொம்புப் பொத்தான் வைத்த சங்கத்துக் கோட்டையும் மாட்டிக்கொண்டார்.

"என்னடா இது, ராஜா ஊர்வலமா?" என்றார் வழியில் சேர்ந்துகொண்ட வெண்டலின். சங்கத்தில் அவருக்கு முப்பது வருடக் கூட்டாளி.

"ராஜா ஊர்வலந்தான். பாடையைத்தான் காணோம்."

நகர்மன்ற முற்றத்தில் துப்பாக்கிகள் விறகு மாதிரிக் குவிந்து கிடந்தன. வண்டியில் இருந்த பத்தையும் கவிழ்த்துக் கொட்டினார்கள். ஓட்டோகாருக்குக் கண் மறைத்தது. ஓர் இளம் சிப்பாய், மானைப் பார்த்துச் சீட்டியடித்து, இரண்டு கைகளையும் நீட்டினான். ஓட்டோகார் கொடுத்தார். கொடுக்குமுன் அவர் கட்டை விரல் தன் பாட்டுக்கு நெம்பைத் தள்ளியது, பூட்டு உள்ளங்கையில் விழுந்தது, இடது பைக்குள் போயிற்று. நாற்பது வருடமாக அந்தக் கை செய்துவந்த வேலை. தலைக்குத் தகவல் போகவே இல்லை. அப்போது அவரை நிறுத்தி, என்ன செய்தீர் என்று கேட்டிருந்தால், கொடுத்தேன் என்றுதான் சொல்லியிருப்பார்.

சாலை போடும் உருளை வண்டி குவியலின் மேல் ஏறி இறங்கியது. மான் துப்பாக்கி மட்டும் அதில் இல்லை. சிப்பாய் அதைத் தன் ஜீப்பின் பின்னிருக்கையில் போர்வையில் சுற்றி வைத்திருந்தான். எங்கேயோ கடல் தாண்டியாவது பிழைத்துக் கிடக்கட்டும் என்று ஓட்டோகாருக்கு ஓர் அற்ப ஆறுதல். வீட்டுக்கு வந்து கோட்டை அலமாரியில் மாட்டிவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

கோடையில் அமெரிக்கர்கள் போனார்கள், ரஷ்யர்கள் வந்தார்கள். சுவரில் காகிதம் மாறியது, மரண தண்டனை மாறவில்லை. போருக்குப் போயிருந்த ஃபோல்க்மர் கைதி முகாமிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தான். இருபத்துநாலு வயதுக்கு எலும்பும் தோலும்தான் மிச்சம். வந்ததும் படுக்கையறையின் வெறுஞ்சுவரைப் பார்த்தான். அப்பாவைச் சமையலறையில் உட்கார வைத்தான்.

"அப்பா, மறைக்காம சொல்லுங்க. எல்லாத்தையும் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சுடா."

"மான் போட்டதையும்?"

"அதை என் கையாலயே குடுத்தேன்."

"அம்மா மேல சத்தியமா?"

"உங்கம்மா மேல சத்தியமா."

ஃபோல்க்மர் நாற்காலியில் சாய்ந்தான். "நீங்க அதை மட்டும் ஒளிச்சு வெச்சிருப்பீங்கன்னு வழியெல்லாம் வயித்துல நெருப்பைக் கட்டிட்டு வந்தேன். பக்கத்து ஊர்ல ஒரு கைத்துப்பாக்கிக்காக மூணு பசங்களைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

இலையுதிர் காலத்தில் குளிர் பிடித்தது. அப்பாவும் மகனும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்கு உருளைக்கிழங்கு வாங்கக் கைவண்டியோடு கிளம்பினார்கள். பட்டாளத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனால் வம்பு என்று ஹுல்டாதான் அலமாரியைத் திறந்து, கனத்த சங்கத்துக் கோட்டை எடுத்து மகனுக்கு மாட்டிவிட்டாள்.

பாலத்தில் ரஷ்யக் காவல். சிப்பாய் ஃபோல்க்மரைத் தட்டித் தடவிப் பார்த்தான். இடது மார்பில் கை நின்றது. உள்ளே விட்டு எடுத்தான். எண்ணெய் மினுங்கும் இரும்புத் துண்டு, நடுவில் குண்டைத் தட்டும் ஊசி. போர் பார்த்த எவனுக்கும் அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டோகாரின் கை தன் நெஞ்சுக்குப் போயிற்று. அப்போதுதான் அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

ஃபோல்க்மர் திரும்பினான். "அப்பா... அம்மா மேல சத்தியம் பண்ணீங்களே" என்றான். அவன் கண்ணில் பயத்தைவிட வெறுப்புத்தான் அதிகம் இருந்தது. துப்பாக்கிக் கட்டையால் முதுகில் இடித்து அவனைக் கொண்டுபோனார்கள்.

தளபதியின் அலுவலகத்தில் மொழிபெயர்க்க ஓர் அம்மாள் இருந்தாள். ஓட்டோகார் தொப்பியைப் பிசைந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் கதையைக்கூடச் சொன்னார். அந்த அம்மாள் பாதியில் சலித்துப்போனாள்.

"துப்பாக்கியைக் குடுத்தீங்க, அதோட உயிரை மட்டும் பையில போட்டுக்கிட்டீங்க. அதுவும் பழக்கத்துல. இதை நான் அவர்கிட்ட சொல்லணுமா?"

"சொல்லுங்கம்மா. நிஜம் அதுதான்."

சொன்னாள். அதிகாரி சிரித்தார். அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? சங்கத்து ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யார் அதை நம்புவார்கள்?

மறுநாள் ஓட்டோகார் போய், "நான்தான் ஒளிச்சேன். என்னைப் பிடிச்சுக்குங்க, பையனை விடுங்க" என்றார். எங்கே என்று கேட்டார்கள். ஆப்பிள் மரத்தடியைக் காட்டினார். தோண்டினார்கள். கோழிக் கொட்டகையைக் காட்டினார். அங்கேயும் மண்தான். அதிகாரிக்குப் பொறுமை போயிற்று.

"மகனுக்காகக் கிழவர் பொய் சொல்றாராம்" என்று அந்த அம்மாள் சொன்னாள். "பேச்செல்லாம் வேண்டாமாம். துப்பாக்கியைக் கொண்டு வந்து வைங்க, மகனைக் கூட்டிட்டுப் போங்க."

கேட்டீர்களா கொடுமையை! ஆயுளெல்லாம் துப்பாக்கி சேர்த்த மனுஷன், மகனைக் காப்பாற்ற ஒரே ஒரு துப்பாக்கி இல்லாமல் ஊர் ஊராக அலைந்தார். விதவைகளின் கதவைப் பழையபடி தட்டினார். பரணில் பார்க்கச் சொன்னார், கிணற்றில் பார்க்கச் சொன்னார். கடைசியில் வெண்டலின் வீட்டுக்கு வந்தார். வெண்டலின் நகர்மன்றத்தில் கொடுத்தது உதவாக்கரைத் துப்பாக்கி, நல்லதை எங்கேயோ செருகிவிட்டார் என்று சங்கத்தில் எல்லாருக்கும் சந்தேகம்.

கதவு ஒரு கை அகலம் திறந்தது.

"உன்கிட்ட ஒண்ணு இருக்கு. எனக்குத் தெரியும், வெண்டலின்."

"வாயைக் கழுவுடா. தெருவுல நின்னு பேசற பேச்சா இது?"

"உன் கால்ல விழறேன். பூட்டு பொருந்தாட்டிப் போகுது. மேசை மேல வைக்க ஏதோ ஒண்ணு வேணும் எனக்கு."

"எங்க கிடைச்சுதுன்னு கேட்டா என்ன சொல்லுவே? உன் பையனை மீட்கறதுக்கு என் பையனை அனுப்பி வைக்கவா? எங்கிட்ட ஒண்ணும் இல்ல. போயிடு, ஓட்டோகார்."

கதவு சாத்திக்கொண்டது. ஓட்டோகாருக்குக் கோபம் வரவில்லை. தானாக இருந்தாலும் சாத்தியிருப்போம் என்று தெரிந்ததுதான் அவரைக் கொன்றது.

பனி விழுமுன் ஒரு லாரி ஃபோல்க்மரை முகாமுக்குக் கொண்டுபோயிற்று. பார்க்க விடவில்லை, சேதியும் இல்லை. ஹுல்டா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வீட்டில் இருந்த அவருடைய கோட்டு, சட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, இடது பைகளைச் சாக்குத் தைக்கும் நூலால் தைத்து மூடினாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் சக்களத்தி என்று சிரிக்கவில்லை. ஓட்டோகாரின் கை மட்டும், எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும், இடது நெஞ்சுக்குப் போய்த் தையலைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும்.

1950-இல் முகாம்களைக் கலைத்தார்கள். யார் யாரோ வந்தார்கள். ஃபோல்க்மர் வரவில்லை. ஹார்ட்விக் என்று ஒருவன், பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரன், இருமிக்கொண்டே வந்து கதவைத் தட்டினான். ஃபோல்க்மரும் அவனும் ஒரே பலகையில் படுத்தவர்களாம். ஹுல்டா அவனுக்குப் பார்லிக் காப்பி கொடுத்தாள்.

"எப்போ?" என்றாள்.

"ரெண்டாவது குளிர்காலம்மா. பசி, அப்புறம் நெஞ்சுச் சளி. ரொம்ப இழுக்கல."

ஹுல்டா தலையை ஆட்டினாள். ஏற்கெனவே தெரிந்ததைக் கேட்பது போலத்தான் இருந்தாள். ஓட்டோகார் மேசையைப் பிடித்துக்கொண்டார். ஐந்து வருடமாக அவருக்கு வேறு கேள்வி கிடையாது.

"நான் பொய் சத்தியம் பண்ணேன்னு நெனச்சுட்டே போனானா?"

ஹார்ட்விக் கோப்பையைக் கீழே வைத்தான். "முதல்ல அப்படித்தான் இருந்தான். உங்க பேச்சை எடுத்தா சுவத்துப் பக்கம் திரும்பிடுவான். அப்புறம் ஒரு நாள் மரம் வெட்டிட்டிருந்தோம். நான் கோடாலியைக் கேட்டேன். பிடியை என் பக்கம் திருப்பி, வெட்டுவாயைத் தன் பக்கம் வெச்சு நீட்டினான். நீட்டினவன் அப்படியே நின்னுட்டான். பனியில உட்கார்ந்து சிரிக்கிறான், அழறான். 'ஹார்ட்விக், எங்கப்பா பூட்டைக் கழட்டிட்டுத்தான் குடுத்திருக்காரு. கையில குடுக்கறப்போ கழட்டித்தானே ஆகணும். அந்த மனுஷன் பொய் சொல்லலடா'ன்னு சொன்னான்."

ஓட்டோகாரின் முகம் மலர்ந்தே விட்டது. ஐந்து வருடத்தில் முதல் தடவை.

"அதுக்கு அடுத்த மாசம் புது அதிகாரி ஒருத்தன் வந்தான்" என்று ஹார்ட்விக் தொடர்ந்தான். சொல்ல அவனுக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. "'துப்பாக்கியை ஒளிச்சது உங்கப்பன், உனக்குத் தெரியாதுன்னு கையெழுத்துப் போடு, வீட்டுக்கு அனுப்பறோம்'னான். என்கூட இருந்த ரெண்டு பேர் அந்த மாதிரி போட்டுட்டு வெளியே போயிட்டாங்க. ஃபோல்க்மரும் முன்னாடின்னா போட்டிருப்பான், உங்க மேல இருந்த ஆத்திரத்துல. அப்போ போடல. 'எங்கப்பா குடுத்துட்டாரு'ன்னுட்டான். எத்தனை தடவை கேட்டாலும் அதேதான்."

"போட்டிருக்கலாமே!" ஓட்டோகார் மேசையில் அறைந்தார். "போட்டுத் தொலைச்சிருக்கலாமே! நான் போயிருப்பேனே, சாகப்போற கட்டை! என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமேடா!" வாய்விட்டு அழுதார், குழந்தை மாதிரி.

ஹுல்டா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மகனைக் கொண்டுபோன நாளிலிருந்து அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

"எப்படிக் காட்டிக் குடுப்பான்?" என்றாள். "நீ வளர்த்த பிள்ளைதானே. எதைக் கையில குடுத்தாலும் அடுத்தவனுக்கு ஆபத்து இல்லாம குடுன்னு நீதானே சொல்லிச் சொல்லி வளர்த்தே."

பிறகு கெட்டிலை எடுத்து, ஹார்ட்விக்கின் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள்.