காது மறைத்த முக்காடு

காலை ஒன்பது மணிக்கு சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தபோதே வேர்த்துக் கொட்டியது. சென்னையில் நாங்கள் போடவிருக்கும் நாடகத்தின் நாயகி, அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி இங்கே வந்து வாழ்ந்த ஒரு முஸ்லிம் பெண். அவள் முக்காடு எப்படி இருந்திருக்கும்? உடை என் பொறுப்பு. எதையாவது போர்த்தி மேடைக்கு அனுப்பினால் மானம் போகும்.

சிராங்கூன் சாலைக் கோபுரத்தை அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்தேன். முஸ்லிம் பெண்ணைத் தேடுபவளுக்குக் கோயிலில் என்ன வேலை என்பீர்கள். அக்காலத் தெருவில் நடந்த பெண் ஒருத்தியாவது சிற்பத்தில் இருக்கமாட்டாளா என்ற நப்பாசைதான். எல்லோருக்கும் கிரீடம், இல்லாவிட்டால் கொண்டை. கழுத்து வலித்ததுதான் மிச்சம். அருங்காட்சியக ஓவியங்களிலோ சீமாட்டிகள் மட்டுமே.

பிற்பகல் புக்கிட் மேராவுக்கு டாக்சி, கட்டணம் பதினான்கு சிங்கப்பூர் டாலர். தோழி பார்க்கச் சொல்லியிருந்த ரஹ்மத் அக்கா, ஓய்வுபெற்ற ஆசிரியை, பத்தாவது மாடியில் காத்திருந்தார்.

"சாப்டீங்களா? பிளாக் ஈசியா கிடைச்சிச்சா?" என்றபடி அலமாரியிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். மறைந்த அவர் தாயாரின் பாஸ்போர்ட் படம். முக்காடு காதுக்குப் பின்னே ஒதுங்கி, முன்தலை முடி தெரிந்தது. கிடைத்துவிட்டது! கைபேசியை எடுத்தேன்.

அக்கா படத்தைக் கவிழ்த்துவிட்டார்.

"இத பாத்து வரைஞ்சிடாதீங்க. காது தெரியணும்னு ஸ்டூடியோக்காரர் துணிய பின்னால தள்ளச் சொன்னாராம். உம்மா வீட்டுக்கு வந்து அழுதாங்க. இருக்குறதே இந்த ஒரு ஃபோட்டோதான், மாட்ட மனசு வரல. நீங்களும் உங்க நாயகிய மேடையில இப்படியே நிக்க வெக்கப் போறீங்களா?"

சுருக்கென்றது. பழைய படம் கிடைத்தால் போதும் என்று வந்தவள் நான். அதில் தெரிவது அந்த அம்மாவின் வழக்கமா, ஸ்டூடியோக்காரரின் உத்தரவா என்று யோசிக்கவே இல்லை.

"அப்ப எப்படிக்கா போடுவாங்க?"

"சொல்லத் தெரியல லா. எந்திரிங்க," என்றார், சிங்கப்பூர்ப் பேச்சுக்கே உரிய அந்த 'லா'வோடு.

என் முந்தானையை எடுத்துத் தலைமேல் போட்டார். பாதி நெற்றிவரை இறக்கி, இரண்டு காதையும் மூடி, ஓரத்தை இடத் தோளில் செருகினார். தள்ளி நின்று பார்த்தவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

"இப்ப எடுக்கலாம்," என்று என் கைபேசியை வாங்கி அவரே படம் எடுத்தார். "எனக்கும் ஒண்ணு அனுப்புங்க."

மறுநாள் விமானம் ஏறுமுன் அனுப்பினேன். இருக்கையில் அமர்வதற்குள் பதில் வந்தது.

"பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டப் போறேன். முகம் உங்களுது, பரவால்ல லா. உம்மா இனிமே அழ மாட்டாங்க."