ஷாஃப்ட் ஏன் வெடித்தது?

போன வாரம் எனக்கு வேலை போகவிருந்தது. நிஜமாகத்தான்!

கும்மிடிப்பூண்டியில் நான் ஃபோர்மேனாக இருக்கும் பட்டறையில் லாரி ஷாஃப்ட், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டு, செய்கிறோம். அலாய் ஸ்டீல். மின்சாரச் சுருளுக்குள் நிறுத்தினால் சில நொடிகளில் மேல்தோல் மட்டும் செக்கச்செவேல் என்றாகும். உடனே தொட்டியிலிருந்து தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். சூட்டில் இடம் மாறிய கரியணுக்கள், திரும்பிப் போக நேரமில்லாமல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் மேல்தோல் கடினமாகிறது. மைக்ரோஸ்கோப்பில் ஊசி ஊசியாகத் தெரியும் — மார்ட்டன்சைட் என்று பெயர். உள்ளே இருக்கும் ஸ்டீலோ பழையபடியே, அடி தாங்கும்.

இதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தத் திமிர்தான் வினை.

மூன்று நாளாக எல்லா ஷாஃப்ட்டிலும் விரிசல். மண்ணெண்ணெயில் முக்கி, துடைத்து, சுண்ணாம்பு பூசினால் விரிசல் உள்ள இடத்தில் கறுப்பாக ஒரு கோடு எட்டிப் பார்க்கும். அந்தச் சோதனை கன்னியம்மாளின் வேலை. பழவேற்காட்டு உப்பு ஏரிக்கரையில் மீனவ வீட்டுப் பெண். வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

முதலாளி கத்தினார். "வெள்ளிக்கிழமை லாரி கம்பெனி இன்ஸ்பெக்டர் வர்றாரு. ஒண்ணு வெடிச்சாலும் ஆர்டர் போச்சு... நீயும் கூடவே போய்டு!"

ஸ்டீலைத் திட்டினேன். மிஷினைத் திட்டினேன். ஆபரேட்டரையும் திட்டினேன். அவன் கோபித்துக்கொண்டு சொந்த ஊரான ஊத்துக்கோட்டைக்கே போய்விட்டான்!

வியாழன் காலை கன்னியம்மாள் வந்து நின்றாள்.

"இன்னா தண்ணி சார் இது? எங்க ஏரித் தண்ணி கணக்கா கரிக்குது!"

"தொட்டித் தண்ணியக் குடிச்சியா?"

"நாக்குல வெச்சிப் பாத்தேன். ஓரமெல்லாம் உப்பு பூத்துக்கினு கீது. யாரு சார் இத்த ஊத்தச் சொன்னது?"

எனக்குச் சுரீரென்றது. யாரா? சாட்சாத் நான்தான்! கோடையில் நல்ல கிணறு வற்றிக்கொண்டு வந்தது. இருந்த தண்ணீரைக் கேன்டீனுக்கு ஒதுக்கிவிட்டு, அந்த வாரம்தான் தொட்டிக்குப் புது போரிங் தண்ணீரை விடச் சொன்னேன். ஸ்டீல் என்ன, குடிக்கவா போகிறது என்று ஜோக் வேறு! உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீரைவிட வேகமாகச் சூட்டை உறிஞ்சும். அந்த அதிர்ச்சி தாங்காமல் அலாய் ஸ்டீல் வெடிக்கும். நான் படித்ததெல்லாம் எங்கே போச்சு?

தொட்டியைக் கழுவி, கேன்டீனுக்கு ஒதுக்கிய கிணற்றுத் தண்ணீரையே நிரப்பி, நானே மிஷினில் நின்றேன். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் நாற்பது ஷாஃப்ட்டுக்கும் சுண்ணாம்பு பூசச் சொன்னார். ஒரு கோடு? ம்ஹூம்... எல்லாம் வெள்ளை வெளேர்! கத்த வேண்டும் போலிருந்தது. கத்தியும் விட்டேன்.

முதலாளி மாலையோடு வந்தார். கழுத்தை நீட்டிவிடலாமா என்று ஒரு கணம் சபலம். பிறகு உண்மையைச் சொல்லி, மாலையைக் கன்னியம்மாளிடம் நீட்டினேன்.

"மாலை இன்னாத்துக்கு சார்? அந்த மிஷின்ல என்னை நிறுத்துங்க."

இந்தத் திங்கள் முதல் நிறுத்தியாயிற்று. முதல் நாளே உத்தரவு போட்டுவிட்டாள். "என்னைக் கேக்காம தொட்டியில ஒரு சொட்டு ஊத்தக் கூடாது!"

என்னைப் பார்த்துத்தான்.