எழுபத்து மூன்று சுற்று

பாட்டுக்கும் உடையப்பனுக்கும் ஏழாம் பொருத்தம். சுருதி என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. ஆனாலும் ஆலங்குடி வட்டாரத்தில் கிராமபோன் பெட்டி தகராறு செய்தால், அவருடைய சைக்கிள் கடைக்குத்தான் ஆள் வரும். தட்டின் ஓரத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைப்பார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணுவார். நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுற்று. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் விடமாட்டார். அந்தக் கணக்கில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு; இருக்கட்டுமே, வேலை தெரிந்தவருக்கு இருக்கலாம்.

ஐம்பத்தேழாம் வருஷத்து மார்கழியில் சந்தனமேரி டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். திருச்சி ரேடியோவில் குரல் தேர்வு, இன்னும் பன்னிரண்டே நாள், அதுவும் மத்தியானம் இரண்டு மணிக்கு. டீச்சர் இசைத்தட்டோடு சேர்ந்து பாடிப் பழகுகிறவர்.

"விடிகாலையில உச்சி எட்டுதுண்ணே. மத்தியானம் அதே எடத்துல தொண்டை கிழியுது. போகவே வேணாம்னு இருக்கு" என்றபோது அவர் கண் கலங்கியது.

அந்த மத்தியான வெயிலிலேயே உடையப்பன் சுண்ணாம்பு வைத்து மூன்று தரம் எண்ணினார். எழுபத்தெட்டு. "பெட்டி சரியா இருக்குங்க டீச்சர்" என்று எழுந்துவிட்டார். தொண்டைதான் கோளாறு என்று அவர் சொல்லவில்லை. டீச்சருக்கு அப்படித்தான் கேட்டது.

மறுநாள் காலையில் குளித்துவிட்டுத் தலைக்குத் தேய்க்கத் தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தார் உடையப்பன். ஒரு சொட்டு விழவில்லை. பனியில் வெள்ளையாக உறைந்து கிடந்தது. தலையைக்கூடத் துவட்டாமல் டீச்சர் வீட்டுக்குச் சைக்கிளை விட்டார்.

"பெட்டிக்கு என்ன எண்ணெய் விட்டீங்க?"

"தேங்காயெண்ணெய்தான். வீட்டுல ஆட்டுனது, நல்ல எண்ணெய்ண்ணே."

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் வேறெதை விடுவார்கள்! அப்போதே எண்ணினார். எழுபத்து மூன்று. விடியலில் எண்ணெய் இறுகித் தட்டு மெதுவாகச் சுற்ற, பாட்டும் அரைக்கட்டை இறங்கியிருக்கிறது. வெயில் ஏறினால் எண்ணெய் இளகிப் பாட்டு பழையபடி ஏறிவிடும்.

பெட்டியைப் பிரித்தார். மண்ணெண்ணெயில் கழுவித் தையல் மிஷின் எண்ணெய் விட்டார். தட்டு எழுபத்தெட்டில் கச்சிதமாக நின்றது. டீச்சர் பாடிப் பார்த்தார். உச்சியில் குரல் உடைந்தது.

"அப்ப எனக்கு என்னைக்குமே எட்டலியா? காலையில பாடுனதெல்லாம் பொய்யாண்ணே?"

உடையப்பன் வேகத் திருகைப் பிடித்து, எண்ணி எண்ணி, தன் கையாலேயே எழுபத்து மூன்றுக்கு இறக்கினார். வாழ்க்கையில் அவர் தெரிந்தே தப்பாக வைத்த பெட்டி அது ஒன்றுதான்.

"எனக்குப் பாட்டு தெரியாதுங்க. ஆனா தட்டுல பாடுனவுக அவுக தொண்டைக்குத்தானே பாடியிருப்பாக? நீங்க ஒங்க தொண்டைக்குப் பாடுங்க. இனிமே காலையும் மத்தியானமும் இது ஒரே மாதிரி ஓடும்."

பதினோரு நாள் டீச்சர் உச்சி வெயிலில் பாடினார். திருச்சியில் எந்தச் சுருதி என்று கேட்டார்கள். தயங்காமல் தன் சுருதியைச் சொன்னார்.

தேர்வானதாகக் கடிதம் வந்த அன்று நேரே சைக்கிள் கடைக்கு வந்து, பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் முன்னால் நின்று அந்தப் பாட்டை முழுசாகப் பாடினார். டியூபைக் கையில் பிடித்தபடி உடையப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். ராகம் ஒன்றும் புரியவில்லை. உச்சி வந்தது என்பது டீச்சரின் முகத்தைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது.