பாதி முதுகில் எண்ணெய்

என்னிடம் ஒரு ஃபுல்ஸ்கேப் தாள் இருக்கிறது. மடிப்புகளில் கிழிய ஆரம்பித்ததால் பின்பக்கம் வேறு தாள் ஒட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கட்டம் போட்டு, நீல மையால் நிரப்பியது. தலைப்பு, 'முதுகு: ஒப்பீட்டுப் பட்டியல்.' எழுதியவர் என் சித்தப்பா. பேசுவது தஞ்சாவூர்த் தமிழ் என்றாலும் மளிகை லிஸ்ட் உட்பட எதையும் ஆபீஸ் இங்கிலீஷில்தான் எழுதுவார். நான் தமிழில் சொல்கிறேன். போன வாரம் அந்தத் தாளை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. எனக்கும் முதுகு பிடித்துக்கொண்டது. பெங்களூரிலிருந்து மகன் இரண்டு விலாசங்கள் அனுப்பினான். இரண்டும் இங்கே குகட்பள்ளியில், என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஒன்று மசாஜ் தெரபி. மற்றது ஆஸ்டியோபதி, அதாவது மருந்தில்லாமல் எலும்பையும் மூட்டையும் கையாலேயே சரிசெய்கிற வைத்தியமாம். "ரெண்டுல ஒண்ணு சீக்கிரம் டிசைட் பண்ணும்மா" என்றான். சீக்கிரம் முடிவெடுக்கிற வீட்டில் நான் வளரவில்லை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

சித்தப்பா மௌலா அலி பக்கம் ஒரு மத்திய சர்க்கார் தொழிற்சாலையில் பர்ச்சேஸ் ஆபீசர். எனக்கு நாலு வயதாகும்போது அம்மாவும் அப்பாவும் இல்லாமல் போனார்கள். குழந்தை இல்லாத சித்தப்பாவும் சித்தியும் என்னை அழைத்துவந்து குவார்ட்டர்ஸில் வைத்து வளர்த்தார்கள். ஆபீஸ் வழக்கம் வீட்டுக்கும் உண்டு. எதை வாங்கினாலும் மூன்று இடத்தில் கேட்க வேண்டும், சாம்பிள் பார்க்க வேண்டும், ஒப்பிட்டு எழுத வேண்டும், பிறகுதான் ஆர்டர். முருங்கைக்காய்க்குக்கூட மூன்றாவது வண்டிக்காரன் வரும்வரை முதல் இரண்டு பேரை வாசலில் நிறுத்திவைப்பார். சித்தி தலையில் அடித்துக்கொண்டு, "இப்படி விசாரிச்சிருந்தா என்னைக் கல்யாணம் பண்ணிண்டிருக்கவே மாட்டார்" என்பாள். அந்த விஷயத்தில் மட்டும் ஒரே இடத்தில் பார்த்து முடித்துவிட்டதாக அவரும் ஒத்துக்கொள்வார்.

எண்பதுகளின் தொடக்கம். என் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பத்திரிகைக் கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிய சித்தப்பா, கிளப்புவதற்காக ஸ்கூட்டரை ஒரு பக்கம் சாய்த்தார். அந்தக் காலத்து ஸ்கூட்டரைச் சாய்த்து நிமிர்த்தி, அதன் பிறகுதான் உதைப்பது. ஸ்கூட்டர் நிமிர்ந்தது, சித்தப்பா நிமிரவில்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் ராவ் காருவும் அவர் மகனும் அவரை அப்படியே அலுங்காமல் உள்ளே கொண்டுவந்தார்கள். வலியிலும் அவர் கேட்ட முதல் கேள்வி, பத்திரிகை ஏதாவது கசங்கிற்றா என்பது.

எங்கள் வழக்கத்தில் பெண்ணைப் பெற்றவர் நெல் மூட்டை மேல் உட்கார்ந்து பெண்ணை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மடியில் இருக்கும்போதுதான் மாப்பிள்ளை தாலி கட்டுவார். எனக்கு அந்த மடி சித்தப்பாவுடையது. வேறு யாரையும் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. இப்போது ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சித்தியின் அண்ணா கும்பகோணத்திலிருந்து வருகிறாரே, அவர் உட்காரட்டும் என்றார்கள். அந்த மாமாவை நான் மொத்தம் மூன்று தடவை பார்த்திருக்கிறேன், மூன்று தடவையும் என்ன படிக்கிறாய் என்றுதான் கேட்டார். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு என்னால் ஆகக்கூடியதை யோசித்தேன். அன்றிலிருந்து ராத்திரி சாப்பாட்டை நிறுத்தினேன். காலை இட்லி இரண்டாகக் குறைந்தது, நெய் கிடையாது. கல்யாணப் புடவைக்காக இளைக்கிறேன் என்று சித்தியிடம் சொன்னேன். சித்தப்பா ஒன்றும் கேட்கவில்லை.

படுத்தபடியே அவர் ஃபுல்ஸ்கேப் தாளும் ஸ்கேலும் கேட்டார். மூன்று கட்டங்கள். முதலாவது தொழிற்சாலை டிஸ்பென்சரி டாக்டர். மூன்று வாரம் பலகையில் படுக்கச் சொன்னார், 'டெலிவரி காலம் ஒத்துவரவில்லை' என்று அந்தக் கட்டத்தின் குறுக்கே கோடு விழுந்தது. இரண்டாவது, ரயில்வே காலனியிலிருந்த எண்ணெய்க்காரர். ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வடார்க்காட்டுக்காரர், ரயில்வே கபடிக் குழுவுக்கெல்லாம் உடம்பு பிடித்துவிட்டவர். மூன்றாவது, மூசி நதிக்கு அந்தப் பக்கம் பழைய நகரத்தில் ஒரு பயில்வான். குஸ்தியை விட்டபின் எலும்பு பிசகியவர்களுக்கு இழுத்துக் கட்டுகிறவர். பாதி ஆபீஸ் எண்ணெய் என்றது, பாதி ஆபீஸ் பயில்வான் என்றது. ராவ் காரு இரண்டு கட்சிக்கும் மாறி மாறி ஓட்டுப் போட்டார். சித்தப்பா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

எண்ணெய்க்காரர் மூன்றாம் நாள் காலையில் வந்தார். சொந்தமாகக் காய்ச்சிய எண்ணெய், வீடு முழுக்க ஓமமும் கற்பூரமும் மணத்தது. முதுகில் கையை வைத்ததுமே சித்தப்பா, "இடது பக்கம் மட்டும் போடுங்கோ, வலது பக்கம் வேண்டாம்" என்றார்.

"இன்னா சார், வலி ரெண்டு பக்கமும்தானே?"

"இது சாம்பிள். வலது பக்கம் இன்னொருத்தருக்கு. அப்பதான் நியாயமா ஒப்பிட முடியும்."

அந்த மனிதர் சித்தப்பாவையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். சித்தி அடுக்களைக்குள் போய்விட்டாள். அவர் முதுகெலும்பை எல்லையாக வைத்துக்கொண்டு இடது பாதியை ஒழுங்காகவே பிடித்துவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது சொன்னார்: "முப்பது வருசமா பிடிக்கிறேன் சார். என் கை மேல பாதி நம்பிக்கை வெச்சவங்க யாரும் இல்ல. இனிமே என்னைக் கூப்பிடாதீங்க." காப்பி கூடக் குடிக்காமல் போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. சித்தப்பா 'இடது பக்கம்: கணிசமான முன்னேற்றம்' என்று எழுதினார்.

மறுநாள் ராவ் காருவின் அம்பாசடரில் பயில்வானிடம் போனோம். இதற்குள் இடது பக்கம் இளகி, வலது பக்கம் விறைத்து, சித்தப்பாவே கிளப்பச் சாய்த்த ஸ்கூட்டர் மாதிரி ஆகியிருந்தார். பயில்வான் பனியனைத் தூக்கிப் பார்த்தார். பாதி பளபளவென்று, பாதி வறண்டு. "யே க்யா சாப்? ஆதா தேல், ஆதா சூகா, கைக்கு?" என்றார். பாதி எண்ணெய், பாதி வறட்சி, ஏன் இப்படி என்று கேட்கிறார். சித்தப்பா அவருக்குத் தெரிந்த ஹிந்தியில் ஒப்பீட்டுப் பட்டியலை விளக்கினார். பயில்வான் சிரித்த சிரிப்பில், கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வெளியே காத்திருந்தவர்களெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவர் முகம் மாறியது. கழுத்திலிருந்து இடுப்புவரை விரலால் ஒவ்வொரு கணுவாகத் தடவிக்கொண்டே வந்தார். எல்லை கில்லை எதையும் மதிக்கவில்லை. "ஹட்டி பராபர் ஹை" என்றார். எலும்பு சரியாகத்தான் இருக்கிறது. பிடித்திருப்பது சதை, தான் இழுத்தால் கெடுதல்தான் என்றார். "மேரே பாஸ் நக்கோ சாப். தேல்வாலே கே பாஸ் ஜாவ்." எண்ணெய்க்காரரிடமே போகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வண்டியில் வரும்போது சித்தப்பா, "இத்தனை வருஷ சர்வீஸ்ல, என் சரக்கு உனக்கு வேண்டாம்னு சொன்ன சப்ளையரை நான் பார்த்ததில்லை" என்றார். மூசிப் பாலம் தாண்டியதும், "இன்னொருத்தர்ட்ட தப்பு பண்ணிட்டேன்" என்றார்.

நேரே ரயில்வே காலனிக்கு விடச் சொன்னார். எண்ணெய்க்காரர் வாசலில் நின்று எங்களைப் பார்த்தார், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. சித்தப்பா சாய்ந்தபடியே கைகூப்பினார். நடைமுறை, சாம்பிள் என்று எதையோ ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். "இவ என் அண்ணா பொண்ணு. அண்ணா இப்ப இல்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை இவளை நான் மடியில வெச்சுக்கணும். தப்பா நினைச்சுக்காதீங்கோ" என்றார். எண்ணெய்க்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்? பாதி முதுகை வெச்சிக்கினு பொண்ணை எங்க உக்கார வெப்பீங்க? உள்ள வாங்க."

அடுத்த ஒன்பது நாளும் காலையில் அவரே சைக்கிளில் வந்தார், இரண்டு பக்கமும் பிடித்தார், டம்ளர் டம்ளராகக் காப்பி குடித்தார். சித்தப்பா மெல்ல மெல்ல நிமிர்ந்தார். கல்யாணத்தன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எண்ணெய்க்காரர் மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை, அவர் கண் முழுக்கச் சித்தப்பாவின் இடுப்பிலேயே இருந்தது.

என்னை மடியில் உட்கார வைத்தார்கள். எனக்குப் பயம். பாரம் தெரியாமல் இருக்க இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றி, உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தேன். தொடை நடுங்கியது. கெட்டிமேளத்துக்குச் சற்று முன்னால் சித்தப்பா என் காதருகில், "என்னடி இது, நீயும் சாம்பிள் காட்டறியா? முழுசா உக்காரு" என்றார். நான் காலைத் தளர்த்தி முழுசாக உட்கார்ந்தேன். அவர் அசையவில்லை. அவர் வேட்டியில் ஓமமும் கற்பூரமும் மணத்தது. நான் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்ததாக எல்லா போட்டோக்களும் சாட்சி சொல்கின்றன.

சித்தப்பா போன பிறகு, அவருடைய ஃபைல்களுக்குள்ளிருந்து சித்தி எடுத்துக் கொடுத்தது இந்தத் தாள். மகன் அனுப்பிய இரண்டு இடங்களுக்கும் இந்த வாரம் போகப்போகிறேன். முழு முதுகையும் காட்டுவேன். இது எனக்கு வேண்டாதது என்று யாராவது ஒருவர் சொன்னால், நன்றி சொல்லி மற்றவரிடம் போவேன். அதற்கென்று புதிதாகக் கட்டம் போட வேண்டாம் என்று பழைய தாளையே விரித்துவைத்திருக்கிறேன். பட்டியலின் கடைசி வரிசையின் பெயர் 'தாங்க வேண்டிய பளு'. நான் சாப்பாட்டைக் குறைத்தது யாருக்கும் தெரியாது என்று அந்தப் பன்னிரண்டு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று கட்டத்துக்கும் சேர்த்துக் குறுக்கே அவர் எழுதியிருக்கிறார்: 'பளுவைக் குறைக்கும் யோசனை நிராகரிக்கப்படுகிறது. குழந்தை வயிறாரச் சாப்பிட வேண்டும். முதுகுதான் சரியாக வேண்டும்.' கீழே சின்னதாகக் கையெழுத்து.