பலகை முட்டுற வயித்துக்காகக் கேட்டேன்

நான் சலோமி. விருத்தாசலத்துல பீங்கான் பொம்மை செய்யற யூனிட்டுல வேலை. ஆண்டவர் எனக்குச் செஞ்சதைச் சொல்லாம இருக்க முடியல, அதான் சபையில சாட்சி சொல்ல எழுந்து நிக்கிறேன்.

2006, ஐப்பசி மழை நேரம். சோறு தின்னா வலது விலாவுக்குக் கீழ உயிர் போற வலி. ஸ்கேன் எடுத்துட்டுப் பித்தப்பையில கல்லு, பையையே எடுக்கணும்னாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. சூளையில வேகாத பச்சைப் பொம்மைங்களை நீளப் பலகையில அடுக்கி, பலகையை வயித்துல முட்டுக் குடுத்துத்தான் நாங்க தூக்கிட்டுப் போவோம். கூட வேலை செஞ்ச ராணியக்காவுக்கு இதே ஆபரேஷன்ல விலாவோரம் ஒரு சாண் கிழிச்சிட்டாங்க. அப்புறம் அவங்களால பலகையே தூக்க முடியல, வேலையை விட்டு நின்னுட்டாங்க. எனக்கு வேற என்ன தொழில் தெரியும்? அழுது அழுது முகமே வீங்கிப்போச்சு.

சபையில முட்டி போட்டேன். "ஆண்டவரே, கல்லை எடுங்க. ஆனா பலகை முட்டுற வயித்தைக் கிழிக்க வுடாதீங்க." பக்கத்துல இருந்த சகோதரிக்குச் சிரிப்பு தாங்கல. ஆண்டவர்கிட்டயே கண்டிஷன் போடறியான்னாங்க. ஆமா, போட்டேன்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா, தொப்புள்ல ஒரு துளை, மத்தபடி கோணி ஊசி கணக்கா மெல்லிசான கருவிங்கதான்னாங்க. வழக்கமா துளை போட்டுச் செய்யறதைவிடவும் சின்னதாம். எனக்குக் குதிக்கணும் போல இருந்துச்சு. ஆனா அடுத்ததா ஒண்ணு சொன்னாங்க: "உள்ள ரொம்ப ஒட்டிக்கிட்டு இருந்தா பெருசாத்தான் திறக்கணும். சம்மதமாம்மா?" தலையாட்டினேன். மயக்கம் வர்ற வரைக்கும் அதே ஜெபந்தான்.

கண்ணைத் திறந்ததும் கை விலாவோரம்தான் போச்சு. பெரிய கட்டே இல்ல! சின்னச் சின்ன பிளாஸ்திரிங்க மட்டும். சிரிச்சேன். சிரிச்சா தொப்புள் சுருக்குன்னுச்சு, அப்பவும் சிரிச்சேன்.

வூட்டுல எங்க மாமியார் நம்பவே இல்ல. நெசமாவே எடுத்தாங்களா, இல்ல ஏமாத்திட்டாங்களான்னு சந்தேகம். ஆஸ்பத்திரியில டப்பாவுல போட்டுக் குடுத்த கல்லைக் குலுக்கிக் காட்டின பிறகுதான் அடங்கினாங்க.

டாக்டரம்மா சரின்னு சொன்ன பிறகு யூனிட்டுக்குப் போனேன். எல்லாரும் வேலையை வுட்டுட்டு என்னையே பார்த்தாங்க. பலகையை வயித்துல முட்டுக் குடுத்துத் தூக்கினேன். ஒரு பொம்மைகூட சாயல.

அன்னைக்குச் சிரிச்ச சகோதரி போன ஞாயித்துக்கெழமை என் காதுகிட்ட வந்து, அவங்க கண்டிஷனையும் சேர்த்து ஜெபிக்கச் சொன்னாங்க. நீங்களும் வெக்கப்படாம உங்களுக்கு வேண்டியதை அப்படியே கேளுங்க. நான் இன்னைக்கும் பலகை வயித்துல முட்டினதும் ஸ்தோத்திரம் சொல்லிட்டுத்தான் அடி எடுத்து வைக்கிறேன்.