நீச்சல் குளத்தில் விட்ட மீன்கள்

கட்டைபறிச்சானில் இருந்து மூதூர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். முன்னால் மாமா, தோளில் கயிற்றுச் சுருளும் கையில் வாளியுமாக. பின்னால் நான், ஒரு ஜாம் போத்தலை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி. போத்தலுக்குள் சின்னச் சின்ன மீன்கள். அவை கட்டைபறிச்சானில் நாங்கள் இறைத்த கிணற்றுக்கு உரியவை. வேலை முடிவதற்குள் மாமாவுக்கும் வீட்டுக்காரருக்கும் வாய்த்தர்க்கம் வந்துவிட்டதால் மீன்கள் எங்களோடு திரும்பிவிட்டன.

"அந்தாளின்ர கிணத்துக்கு மீன் ஒரு கேடு," என்றார் மாமா. "பாத்து நட மருமோன், தண்ணி சிந்துது."

மாமா அம்மாவின் தம்பி. அப்பா கட்டாருக்குப் போனவர். ஒரு கட்டத்துக்குப் பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை. அம்மாவும் தங்கச்சியும் தோப்பூரில் பெரியம்மா வீட்டுக் குசினியில் படுத்தார்கள். இரவில் பெரியம்மா பானை கழுவும் சத்தம் வரவரப் பெரிதாகிக்கொண்டு போனது. நான் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு மாமாவோடு கிணறு இறைக்க வந்துவிட்டேன். ஒருவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வகுப்பறையைவிடக் கிணறு குளிர்ச்சியாக இருந்தது.

அந்தத் தொழிலில் நான் சின்ன ஆள் இல்லை. தண்ணீர் வற்றியதும் அடியில் கிடக்கும் சேற்றை அள்ள மெலிந்த உடம்பு வேண்டும். கயிற்று நுனியில் அம்மாவின் பழைய சேலையைச் சுற்றி, என் இடுப்புக்கு அளவாக மாமா ஒரு வளையம் செய்திருந்தார். அதற்குள் நான் நுழைந்தால்தான் வேலை நடக்கும். கடைசியில், புதுத் தண்ணீர் ஊறியதும், தண்ணீரில் நுளம்பு இடும் முட்டையையும் புழுவையும் தின்ன மீன் விடுவோம். இறங்கின ஆள்தான் மீனை விடவேண்டும் என்பது மாமாவின் சட்டம். அந்தச் சட்டத்தில் எனக்குப் பெருமை அதிகம்.

வேறு வேலை தேடி மூதூரில் பஸ் ஏறி, பட்டினத்தில் மாறி, நிலாவெளியில் இறங்கினோம். தேத்தண்ணிக் கடைக்காரர் எங்கள் வாளியைப் பார்த்துவிட்டு, கடற்கரைப் பக்கம் ஒரு டீச்சர் வீட்டில் சுவிமிங் பூல் பாசி பிடித்துக் கிடக்கிறது, கழுவ ஆள் தேடுகிறார் என்றார்.

"நாங்கள் செய்யிற வேலைதான்," என்றார் மாமா, தேத்தண்ணியை ஊதியபடி. நானறிய மாமா சுவிமிங் பூலைக் கண்ணால் கண்டதில்லை.

டீச்சர் பென்சன் எடுத்தவர், பெரிய வீட்டில் தனியாக இருந்தார். குளத்தைக் கட்டியது லண்டனில் இருக்கும் மகன். ஒருமுறை வந்து பிள்ளைகளோடு குளித்துவிட்டுப் போனவர், பிறகு வரவில்லை. தண்ணீர் கீரைக்கறி போல் இருந்தது. எங்களைக் கண்டதும் தவளைகள் குதித்தன. மாமா விளிம்பில் குந்தி, நல்லாய் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஊத்து எந்தப் பக்கம் டீச்சர்?"

டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "தம்பி இதுவரைக்கும் எத்தினை பூல் கழுவினனீங்கள்?"

"நாங்கள் எண்ணிறேல்லை டீச்சர்."

மறுநாள் மத்தியானம் மகன் குடும்பம் வருகிறது, வேறு ஆளும் இல்லை. டீச்சர் சம்மதித்தார். அதற்குள் மாமாவின் கண், வளவின் பின்பக்கம் இருந்த அறையில் விழுந்துவிட்டது. ஓட்டுக் கூரை, தனிக் குசினி, வாசலில் குழாய். அதில் ஆர் இருக்கினம் என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை. வளவு பாக்க நல்ல குடும்பம் ஒண்டு தேடுறன்."

"குடும்பம் இருக்கு டீச்சர்."

"முதல்ல பூலைக் கழுவுங்கோ, பாப்பம்."

அதற்குமேல் மாமா பகிடி விடவில்லை. டீச்சர் வீட்டுக் கிணற்று மோட்டரைப் பூட்டி, பச்சைத் தண்ணீரைத் தென்னைகளுக்குத் திருப்பினார். தண்ணீர் இறங்க இறங்க அடி சரிவாகத் தெரிந்தது. ஒரு பக்கம் முழங்கால் ஆழம், மறுபக்கம் மாமாவின் தலைக்கு மேலே. கிணற்றைச் சரித்து வைத்த மாதிரி இருக்கிறதே என்று மாமா முணுமுணுத்தார். ஆழப் பக்கத்துச் சுவர் வழுக்கும் என்று வளையத்தை என் இடுப்பில் மாட்டி இறக்கினார். மூலையில் ஒரு குழி சேற்றால் அடைத்திருந்தது. நான் தலைகீழாய்க் கவிழ்ந்து சிரட்டையால் அள்ளினேன். இரண்டு கண்ணாடி வைத்த ஒரு றப்பர் பட்டி வந்தது. கிணற்றில் கிடைப்பது வீட்டுக்காரருக்குச் சேரவேண்டியது. மேலே நீட்டினேன். டீச்சர் அதை வாங்கி, தன் சேலைத் தலைப்பாலேயே துடைத்தார்.

பின்னேரம்வரை தேங்காய்ப் பொச்சாலும் தும்புத்தடியாலும் தேய்த்தோம். முழங்கைத் தோல் உரிந்தது. ஆனால் பாசிக்குக் கீழே இருந்து வெள்ளையும் நீலமுமாய் மாபிள் வெளிப்பட்டபோது, அதை நான்தான் செய்தேன் என்பதுபோல் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தேன். பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை செய்தேன். மாலைதீவில் ஹோட்டல் குளங்கள்கூடக் கழுவினேன். அவ்வளவு வெள்ளையாய் ஒன்றையும் நான் ஆக்கவில்லை.

கிணற்றில் இருந்து குழாய் போட்டு நிரப்பத் தொடங்கினோம். தண்ணீர் முழங்காலைத் தொட்டதும், மாமா மீன் போத்தலை எடுத்து என்னிடம் தந்தார். நான் இறங்கி, போத்தலை மெதுவாகச் சரித்தேன். மீன்கள் நீல மாபிளின் மேல் பரவி ஓடின. எந்தக் கிணற்றிலும் அவை இவ்வளவு அழகாய்த் தெரிந்ததில்லை.

காலையில் தண்ணீர் என் நெஞ்சளவு நின்றது. மகன் அனுப்பியிருந்த குளோரின் வாளியோடு டீச்சர் வந்தார். குனிந்தவர், அப்படியே நின்றார்.

"இதென்ன ஓடுது?"

மாமா வானத்தைப் பார்த்தார்.

"மீன் டீச்சர்," என்றேன் நான். "நுளம்பு வராது. நான்தான் விட்டனான். இறங்கின ஆள்தான் விடவேணும்."

"பூலுக்க மீன் விட்ட ஆக்களை நான் இப்பதான் பாக்கிறன்," என்றார் டீச்சர், மாமாவைப் பார்த்து. "தம்பி எண்ணாமல் விட்டதுக்குக் காரணம் இப்ப விளங்குது."

மாமாவின் முகம் செத்துப்போனது. அவர் பின்பக்கத்து அறையைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, "பொய்தான் டீச்சர்," என்றார். "ஆனா வேலையைப் பாருங்கோ. பொடியன் தேய்ச்ச தேய்ப்பைப் பாருங்கோ."

டீச்சர் குளத்தைப் பார்த்தார். "இந்த மருந்தைப் போட்டால் மீனெல்லாம் சாகும்," என்றார் கடைசியில். "முதல்ல பிடியுங்கோ."

மாமா சாரத்தை உரிந்தார். உள்ளே கட்டைக் காற்சட்டை. சாரத்தின் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்துக்கொண்டு வலை இழுத்தோம். மீன்கள் எங்களுக்குக் கீழாலும் நடுவாலும் ஓடின. டீச்சர் வாளியை வைத்துவிட்டு விளிம்போடு ஓடினார்.

"அங்க ராசா, மூலைக்க! ஐயோ, இந்த மனுசனுக்குக் கண் தெரியேல்லையே! உங்கட காலுக்க நிக்குது தம்பி!"

"கரையில நிண்டு சொல்லுறது லேசு டீச்சர்!"

ஒன்றும் விடாமல் பிடித்துப் போத்தலில் போட்டேன். கழுவி நிரப்பிய அந்தக் குளத்தில் முதலில் முக்குளித்தவன் நான்.

மத்தியானம் லண்டன்காரர் வந்தார்கள். என் வயதுப் பொடியன் ஒருவன் அந்த றப்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குதித்தான். என் தண்ணீர் என்று நினைத்தேன்.

டீச்சரும் மாமாவும் அறை வாசலில் நின்று கதைத்தது எனக்குக் கேட்டது. "அக்காவும் பிள்ளையளும் எண்டால் ஓம்," என்றார் டீச்சர். "ஆம்பிளை ஆள் ஏலாது தம்பி. நான் தனிய இருக்கிறவள், ஊர் கதைக்கும். பொடியன் பள்ளிக்கூடம் போகவேணும்." மாமா எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றார். அந்த ஆம்பிளை ஆளுக்குள் மாமாவும் அடக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. பிறகு பஸ் ஏறிப் போய், பொழுதுபடமுன் அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் பார்த்தார், திறந்தார், மறுபடி சாத்தினார். தங்கச்சி சிரித்தாள். மாமா வெளியே குந்தியிருந்து கயிற்று நுனியில் இருந்த சேலை வளையத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தோய்க்கப் போகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் விடியவே டீச்சர் நீளத் தடி போட்ட வலை ஒன்றை என்னிடம் தந்தார். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போகமுதல் குளத்தில் விழும் இலையெல்லாம் அள்ளவேண்டும். அது என் வேலை, வேறு ஒருவரும் தொடமாட்டார்கள் என்றார். நான் சரி என்றேன்.

கேற்றடியில் மாமா நின்றார், தோளில் கயிறு, கையில் மீன் போத்தல். அம்மா முகத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டு நின்றார். அடுப்புப் புகை என்று நினைத்தேன்.

"மருமோன், இனி மீனை நான் விடட்டோ?"

கொஞ்சம் யோசித்தேன். சட்டம் சட்டம்தானே.

"நீங்கள் இறங்கினால் விடலாம்," என்றேன்.

"ஓம் முதலாளி," என்றார் மாமா.

சேலைத் துண்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மாமா அதை மறந்துவிட்டுப் போகிறார், பின்னேரம் வந்ததும் எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, நான் வலையைத் தண்ணீரில் இறக்கினேன். ஒரு வேப்பிலையைக்கூட விடவில்லை.