பதினேழாம் எண் வீட்டின் படம்

பழங்குடி மக்களின் புகைப்படக் கண்காட்சிக்கு எப்போதாவது போயிருக்கிறீர்களா? அந்தப் படங்களில் ஒருவர் கையிலாவது கடிகாரம் பார்த்ததுண்டா?

பெர்னார்டுக்கு விவேக் நகரில், குழந்தை இயேசு கோயில் பக்கத்தில் போட்டோ ஸ்டுடியோ. கல்யாணப் பெண்களின் முகத்திலுள்ள அம்மைத் தழும்பை நெகட்டிவிலேயே நீக்குவதில் கெட்டிக்காரர். 1994-இல் ஒரு பண்பாட்டு நிறுவனம் அவரை நகரத்துக்கு வெளியே, கனகபுரா சாலையைத் தாண்டி ஒரு காட்டுக்கு அழைத்துப் போனது. அழிந்துவரும் இருளர் வாழ்க்கையைப் படமாக்கிப் பாதுகாக்கப் போகிறார்களாம்.

லட்சுமம்மா என்ற இளம்பெண் தன் குடிசை வாசலில் நின்றாள். டிரான்சிஸ்டரை உள்ளே வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். கணக்கெடுக்க வந்த அரசு ஊழியர்கள் மண்சுவரில் வெள்ளைப் பெயிண்டால் எழுதிய 17 என்ற எண்ணை எங்கே வைப்பாள்?

படத்தைப் பார்த்ததும் நிறுவனத்துச் சந்தானம் முகம் சுளித்தார். "என்னப்பா இது, டவுன்ல ஸ்ரீராம்புரம் சந்து மாதிரி டோர் நம்பர்? ஆதிவாசி வீடுய்யா!"

"பிரிண்ட்ல மறைச்சுடறேன் சார்."

"ஒவ்வொரு தடவையும் மறைச்சிக்கினு இருப்பியா? நெகட்டிவ்லயே முடிச்சுடு."

சுவர் தெரிந்த மூன்று நெகட்டிவிலும் பெர்னார்ட் பிளேடால் சுரண்டினார். தடமே தெரியவில்லை. அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றே ஆண்டில் வனத்துறையினர் குடிசைகளை இடித்து இருளர்களைக் காட்டைவிட்டு விரட்டினார்கள். படங்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்திரமாக இருந்தன. காட்டில் குடியிருந்தவர்களுக்கு உரிமை தரும் சட்டம் வந்தபின், 2008-இல், லட்சுமம்மா ஸ்டுடியோவைத் தேடி வந்தாள்.

"அண்ணா, அங்க வீடு இருந்ததுக்கு சாட்சி கேக்கறாங்க. கவர்மென்ட் நம்பர் போட்ட சுவரு உங்க போட்டோல இருக்குமே?"

பெர்னார்ட் படத்தை எடுத்துக் கொடுத்தார்.

"என்னை நல்லாத்தான் எடுத்திருக்கீங்க. நம்பர் எங்க?"

"நான்தாம்மா சுரண்டிட்டேன். காட்டு வீடு மாதிரி தெரியணும்னாங்க."

"காட்டுல இருந்த வீடு காட்டு வீடு மாதிரி தெரியலையாமா?"

பெர்னார்ட் நடந்ததை முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, அவள் நில உரிமைக்கு மனு கொடுத்திருந்த ஆபீசுக்கே அவளோடு போனார். அதிகாரி படித்துவிட்டுச் சிரித்தார். "அழிச்சவரே வந்து நம்பர் இருந்துச்சுங்கறாரு. இதை எந்த ஃபைல்ல வைக்கறது?"

மனு தள்ளுபடியானது. மேல்முறையீட்டுக்கு அறுபது நாள் கெடு.

அவர்கள் உருவத்தைப் படத்தில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பிடுங்கியதற்குத்தான் பண்பாட்டுப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தோம். தொண்ணூறுகளில் காடுகளுக்குக் கேமராவோடு போனவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். உங்கள் பழைய ஆல்பத்தை இன்றே திறந்து பாருங்கள். யாருடைய குடிசையாவது, சுவர் எண்ணாவது அதில் தெரிந்தால், ஒரு பிரதி எடுத்து அந்த வீட்டாரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள்.